கொல்லன் தெருவில் ஓர் ஊசி வியாபாரி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டவன் நான். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அது இதுதான். மதம் விட்டு மதம் போவது, போன இடத்தில் பெரிய பதவிக்கு வருவது, பிறகு பழைய இடத்துக்கே திரும்புவது, திரும்பியதற்காக ராஜாவிடம் உதைபடுவது எல்லாமே இந்த ஊர் 1,400 வருஷத்துக்கு முன்பே பார்த்து முடித்த சமாசாரம். திருவாமூரில் பிறந்த மருணீக்கியார் இங்கே இருந்த சமணப் பள்ளிக்கு வந்து தருமசேனர் ஆனார். சூலை நோய் வந்ததும் திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம் போனார். அக்கா திருநீறு கொடுத்தார். தருமசேனர் திருநாவுக்கரசர் என்கிற அப்பர் ஆனார். பல்லவ ராஜா அவரைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ள, கல்லே தெப்பமாகிக் கரை சேர்ந்தார் என்பது கதை. வண்டிப்பாளையத்துப் பக்கம் அந்த இடத்துக்கு இன்றைக்கும் கரையேறவிட்ட குப்பம் என்றுதான் பெயர். விழாவும் எடுக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒருவன் நாலு பக்கக் கைப்பிரதியோடு நின்று, "அண்ணே, உங்க வாழ்க்கையில ஒரு மாற்றம் வேணுமா?" என்று கேட்டால் ஊர் என்ன சொல்லும்? "டீ சாப்பிடுறியா தம்பி?" என்றது.

ஊழியத்துக்குப் போனவர்கள் சாட்சி சொல்லும்போது கல்லடி வரும், போலீஸ் ஸ்டேஷன் வரும். அப்படி நிஜமாகவே அடிபட்டவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. என்னை யாரும் அடிக்கவில்லை, துரத்தவுமில்லை. மறுத்தவர்கள் எல்லோரும் மரியாதையாக மறுத்தார்கள். சிலர் காப்பி கொடுத்து மறுத்தார்கள். சாட்சி சொல்ல எழுந்து நின்றால் சொல்வதற்கு ஒரு கீறல்கூட இல்லாத ஊழியக்காரன் நான்.

எங்களுடையது டேனிஷ் மிஷன் வழி வந்த லுத்தரன் குடும்பம். தாத்தா நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர். ஆகவே விசுவாசம் எனக்குச் சுயார்ஜிதம் இல்லை, பிதுரார்ஜிதம். வருவாய்த் துறையில் எழுத்தராகக் காலம் தள்ளியவனுக்கு வேறு எப்படிச் சொல்ல வரும்? வாலிப வயதில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் கன்வென்ஷனுக்கு வந்தார். நாம் சொல்லாமல் விட்டவர்களுடைய இரத்தப்பழி நம் தலையில்தான் என்று ராத்திரி வெகுநேரம் பேசினார். எனக்குத் தூக்கம் போயிற்று. பிறர்மேல் உள்ள அன்பினால் ஊழியத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். நான் பழிக்குப் பயந்து போனவன். என்னோடு பேசிய எல்லோருக்கும் இது முதல் நிமிஷத்திலேயே தெரிந்திருந்தது. எனக்குத்தான் ரிட்டையர் ஆகும்வரை தெரியவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாலிபர் ஐக்கியத்தில் ஊழிய அறிக்கை வாசிக்க வேண்டும். கைப்பிரதி எவ்வளவு போயிற்று, எத்தனை பேரிடம் பேசினாய் என்று கேட்பார்கள். ஆகவே கைப்பிரதி தீர்ந்தாக வேண்டும். தீர்ப்பதற்கு ரயிலைவிட நல்ல இடம் கிடையாது. அப்போது விழுப்புரம் – மயிலாடுதுறை பாதை மீட்டர்கேஜ். திருப்பாதிரிப்புலியூரில் ஏறினால் கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என்று பாசஞ்சர் வண்டி நின்று நிதானமாகப் போகும். ஓடுகிற வண்டியில் இருந்து யாரும் இறங்கி ஓட முடியாது என்பதுதான் எங்கள் வியூகம். இப்போது எழுதும்போதே கூசுகிறது.

வேர்க்கடலை விற்கிற பெரியவர் ஒருவர் மட்டும் பார்த்த போதெல்லாம் விரும்பிக் கேட்டு வாங்குவார். "இன்னும் நாலு இருந்தா குடு தம்பி." நானும் அள்ளிக் கொடுத்தேன். ஒரு முதியவர் மிகுந்த வாஞ்சையோடு வாங்கிச் செல்கிறார் என்று அறிக்கையில் வாசித்தேன். அவருக்காகச் சபையில் விசேஷ ஜெபமே நடந்தது. பிறகு ஒருநாள் அவருடைய கூடையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கெட்டியான தாள், அளவான அகலம், கூம்பாகச் சுருட்டினால் பிரியாமல் நிற்கிறது. கடலைப் பொட்டலத்துக்கென்றே அச்சடித்த மாதிரி இருந்தது.

அந்தப் பொட்டலம் ஒன்றை வாங்கியவர் எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, காலடியில் யூரியா சாக்குப் பை. கடலையைத் தின்று முடித்தார். தோலை ஜன்னல் வழியே ஊதிவிட்டார். கசங்கிய தாளைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டு எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். கெட்ட குமாரன் கதை. தகப்பனிடம் பாகம் பிரித்து வாங்கிக்கொண்டு தூர தேசம் போன இளையவன், எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பஞ்சத்தில் பன்றி மேய்த்து, பன்றித் தீனிக்கே ஏங்குகிற இடம். அதோடு தாள் கிழிந்திருந்தது. மிச்சக் கதையில் வேறு யாரோ கடலை தின்றுகொண்டிருந்திருப்பார்கள்.

அவர் நிமிர்ந்து என் கையில் இருந்த கட்டைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"தம்பி, இதானே அது? அந்தப் பையன் வூட்டுக்குப் போனானா, இல்லியா?"

என் ஊழிய வாழ்க்கையில் ஒரு மனிதர் தானாகக் கதை கேட்டது அப்போதுதான். "போனான்" என்று சொன்னால் முடிந்தது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "அதைப் புரிஞ்சுக்கணும்னா முதல்ல பாவம்னா என்னன்னு தெரிஞ்சுக்கணும்ணே" என்று தொடங்கினேன். ஏதேன் தோட்டத்துக்குப் போனேன். ஆலப்பாக்கம் வந்தபோது காயீன் ஆபேலை அடித்திருந்தான். அடுத்து நோவா பேழைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். மனிதர் பொறுமையாகத் தலையாட்டினார். நடுவில் ஒரு தடவை, "அந்தப் பையன்..." என்று இழுத்தார். "வரேன், அதுக்குத்தான் வரேன்" என்றேன். புதுச்சத்திரத்தில் வண்டி நின்றது. அவர் சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, "வரேன் தம்பி" என்று இறங்கிப் போய்விட்டார். கதை முழுதாக உள்ள கைப்பிரதி என் கையில் கட்டுக் கட்டாக இருந்தது. ஒன்றை உருவி ஜன்னல் வழியாக நீட்டியிருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை; ஆபிரகாமை எங்கே விட்டேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வார அறிக்கையில் "ஒருவரிடம் விரிவாகப் பேசினேன்" என்று வாசித்தேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அலுவலகத்தில் என் சாட்சி இதைவிட மோசம். ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, நாட்டுச்சர்க்கரை, வாழைப்பழத் துண்டு என்று காகிதத் தட்டில் வரும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சாரி, எங்களுக்கு வழக்கமில்லை" என்பேன். விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்னலாமா கூடாதா என்று கொரிந்து சபையாருக்கே குழப்பம் வந்து, பவுல் உட்கார்ந்து நீளமாகப் பதில் எழுதியிருக்கிறார். தின்பதால் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் பலவீனமான சகோதரன் இடறிவிடக் கூடாது என்பது அதன் சாரம். முதல் பாதி எனக்கு வசதியாக மறந்துபோகும். டிசம்பர் வந்தால் நானே கேக் வாங்கிப் போவேன். ஒவ்வொரு துண்டுக்கு அடியிலும் தட்டுக்குப் பதில் ஒரு கைப்பிரதி. ஒரு வருஷம் டைப்பிஸ்ட் அம்மா கேட்டார்: "சார், எங்க பொரிய நீங்க தொட மாட்டீங்க. உங்க கேக்கை மட்டும் நாங்க காயிதத்தோட முழுங்கணுமா?" கேக்கைத் தின்றுவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த காகிதத்தை மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

2002ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றினால் சிறை, அபராதம். சடங்கு செய்து மதம் மாற்றுகிறவர் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மதத்தைப் பரப்ப உரிமை உண்டு என்கிறது அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு. அடுத்தவரை மாற்றுகிற உரிமை அதில் அடங்காது என்று 1977லேயே ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. சபையில் கவலையோடு ஜெபித்தோம். அலுவலகத்தில் எங்கள் பிரிவில் இருந்த நண்பர் மட்டும் உற்சாகமாக வந்தார். "சார், நீங்க ஒருத்தரை மாத்தினா கலெக்டருக்கு லெட்டர் போடணுமாம். டிராஃப்ட் நான் போட்டுத் தரேன். பெயரை மட்டும் சொல்லுங்க." பெயர் என்ற இடத்தில் எழுத என்னிடம் ஒரு பெயரும் இல்லை. 2004 மக்களவைத் தேர்தலில் தோற்ற பிறகு அதே அரசு அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு லேசான வருத்தம். ஏன் யாரிடமும் பேசுவதில்லை என்று போதகர் கேட்டால், "சட்டம் இருக்கே" என்று சொல்லி இரண்டு வருஷம் ஓட்டியிருந்தேன்.

ஒரு பெயர் கிடைத்திருக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் படித்த பையன். காலனியில் வீடு. சாயங்கால ஜெபக்கூட்டத்துக்கு ஒழுங்காக வருவான், டிரம்ஸ் வாசிப்பான். வேதத்தில் என்னைவிட நன்றாகக் கேள்வி கேட்பான். ஞானஸ்நானத்துக்கு ஒப்புக்கொள்வான் என்ற நிலைமையில், "சார், எடுத்தா சர்டிபிகேட் என்னாகும்?" என்றான்.

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஆள் எங்கள் சபையில் நான் ஒருவன்தான். பகலெல்லாம் என் பிழைப்பே அது. 1950ஆம் வருஷக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு. 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரான பட்டியல் சாதிக்காரர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். காலையில் மனுவோடு வருகிறவர்களுக்கு இதை விரல் மடக்கி விளக்குகிறவன், சாயங்காலம் அந்தப் பையனிடம், "கர்த்தர் பார்த்துக்குவார் தம்பி" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அது சரி சார். நீங்க தெனமும் பார்க்கிற பைல்ல என்ன சார் எழுதியிருக்கு?" என்றான். தொடர்ந்து வந்தான், டிரம்ஸ் வாசித்தான், ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆணையை எழுதியவர்களைக் குறை சொல்லலாம்; அதையும் நான் அலுவலக நேரத்தில் செய்ததில்லை.

அவன் அதற்கு மேல் ஒன்றைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் மாட்டியிருப்பேன். எங்கள் பக்கத்து டேனிஷ் மிஷன் வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு சாதிச் சண்டை உண்டு. லைப்சிக் மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதி வித்தியாசத்தை விட்டுவைக்கக் கூடாது என்று முரண்பட்டு வெளியேறி, 1860களில் பட்டாம்பாக்கத்தில் தனியாக ஊழியம் தொடங்கி டேனிஷ் மிஷனோடு சேர்ந்தவர். என் தங்கைக்கு வரன் பார்த்தபோது தரகரிடம் நான் கேட்ட முதல் கேள்வியை ஓக்ஸ் ஐயர் கேட்டிருந்தால், மறுபடியும் மூட்டை கட்டியிருப்பார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் ஜோடனை கழற்றாத கோயிலில் இருந்தோம். தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, தாழங்குடா என்று சுனாமி அடித்த குப்பங்களின் செய்தி ஒவ்வொரு பெயராக வந்தது. அடுத்த நாட்களில் ஒரு மண்டபத்தில் அரிசி, பருப்பு, பாய், போர்வை, சேலை என்று மூட்டை கட்டினோம். வெளியூரிலிருந்து ஓர் அமைப்பு லாரியில் போர்வையோடு கைப்பிரதியும் அனுப்பியிருந்தது. மூட்டைக்கு ஒன்று வைத்தோம். நான்தான் வைத்தேன், யாரும் என் கையைப் பிடித்து வைக்கவில்லை.

குப்பத்தில் ஒரு கிழவி மூட்டையை அங்கேயே பிரித்தார். அரிசியைத் தனியே வைத்தார். பாயை உதறினார். உள்ளேயிருந்து தாள் விழுந்தது. எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இன்னா எழுதிருக்கு தம்பி? படி."

விரித்தேன். கடல் ஏன் பொங்கியது என்று தொடங்கியிருந்தது. மனுஷனுடைய அக்கிரமம் பெருகியதால் என்று அடுத்த வரியே பதில் சொன்னது. அந்த வீட்டில் மருமகளும் பேரனும் போயிருந்தார்கள். பேரனுடைய பள்ளிக்கூடப் பை ஈரத்தோடு மூங்கில் கழியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒன்னுமில்லம்மா. எங்க அட்ரஸ் போட்டிருக்கு."

"அட்ரஸ் எதுக்கு? நீதான் எதிர்லயே நிக்கிறியே."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மண்டபத்துக்குத் திரும்பி, மிச்சம் இருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து அதை வெளியே எடுத்தோம். நைலான் கயிறு, முடிச்சு இறுகிவிட்டது. ராத்திரி வெகுநேரம் ஆயிற்று. அந்தக் கைப்பிரதியை நான் பலமுறை படித்திருந்தேன், மனசுக்குள். வாய்விட்டுப் படிக்கச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

பாடலீஸ்வரர் கோயில் பக்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். எனக்குப் பள்ளியில் பாடம் எடுத்தவர் இல்லை, ஆனாலும் எங்களுக்கெல்லாம் ஐயாதான். அவருக்கு ஒரு வேதாகமம் கொடுத்தேன். கல்மேல் விதைத்தேன் என்றுதான் நினைத்தேன். அவர் ஆதியாகமம் தொடங்கிக் கடைசிவரை படித்தார். நடுவில் என்னைக் கூப்பிட்டு, யோபுவின் பேச்சு அபாரம் என்றார். லேவியராகமத்தில் கொஞ்சம் அயர்ந்ததாக ஒப்புக்கொண்டார். எனக்கும் அப்படித்தான், ஆனால் சொல்லவில்லை. திருப்பித் தந்தபோது ஓரமெல்லாம் பென்சில் குறி. வலி மிகும் இடம், மிகா இடம், எழுவாய் தொலைந்த வாக்கியம்.

"முழுசாப் படிச்சேன் தம்பி. நல்ல நூல். நீங்க தேவாரம் எத்தனை பதிகம் படிச்சிருக்கீங்க?"

"ஸ்கூல்ல மனப்பாடப் பகுதியில ஒன்னு ரெண்டு ஐயா."

"அது மார்க்குக்குப் படிச்சது."

அவர்தான் நாவலர் கதையைச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உழைத்தவர் ஆறுமுக நாவலர். வேலை செய்துகொண்டே சைவப் பிரசங்கமும் தொடங்கினார். பிரசங்கம், பள்ளிக்கூடம், அச்சுக்கூடம் என்று மிஷன்காரர்களிடம் பார்த்த அத்தனை வித்தையையும் சைவத்துக்குத் திருப்பினார். 1864ல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். "உங்க வேதத்தை வரி வரியாத் தெரிஞ்சுக்கிட்டு வேண்டாம்னவர் தம்பி. தெரியாம வேண்டாம்னவர் இல்லை" என்றார் ஐயா. வேலையாகச் சிதம்பரம் போய் வந்துகொண்டிருந்தவன்தான் நான். அந்தப் பள்ளியின் கதை எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் சொன்னார். "திலகவதியார் தம்பியைத் தேடிப் போய் ஒரு வார்த்தை வாதாடினதாச் சேக்கிழார் எழுதலை. அந்தம்மா திருவதிகைக் கோயிலைக் கூட்டினாங்க, மெழுகினாங்க, தம்பிக்காக வேண்டிக்கிட்டாங்க. வயித்துவலி வந்ததும் அவரே சமையல்காரனை அனுப்பி வரச் சொன்னார். அப்பவும் சமணப் பள்ளிக்கு வர மாட்டேன்னுட்டாங்க. அவருதான் ராத்திரியோட ராத்திரியாக் கிளம்பி வந்தார்." காப்பியை உறிஞ்சிவிட்டு, "நீங்க வலி வர்றதுக்கு முன்னாடியே திருநீறைத் தூக்கிக்கிட்டு வந்துடறீங்க" என்றார். அதற்குப் பிறகும் காப்பி கொடுத்தார்.

பென்சில் குறி போட்ட வேதாகமத்தை வைத்துக்கொண்டு பழைய மிஷனரிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மறுக்கப்படுவதில் எனக்கு முன்னோடிகள் கிடைப்பார்கள் என்ற ஆறுதலுக்காகத்தான். கிடைத்தார்கள்; ஆறுதல் கிடைக்கவில்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, கூட்டாளி கிருண்ட்லரோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தார். 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பிப் பதில் கடிதங்கள் வாங்கினார். கிட்டத்தட்ட நூறு கடிதங்கள். கிறிஸ்தவத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதும் அதில் ஒரு கேள்வி. பதில் எழுதியவர்கள் திரித்துவத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அவர்கள் முக்கியமாகச் சொன்ன குறை நடத்தை: மாட்டைக் கொன்று தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், குளிப்பதில்லை, சுத்தம் பார்ப்பதில்லை. வேதம் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள்தான் சகிக்கவில்லை என்று சுற்றிவளைத்து அல்ல, நேராகவே எழுதிவிட்டார்கள். அதையெல்லாம் ஜெர்மன் மொழியில் ஆக்கி ஹாலே நகரத்துக்கு அனுப்பி, அச்சிலும் வரச்செய்தார்கள். டைப்பிஸ்ட் அம்மாவின் பொரிக் கேள்வி என் ஊழிய அறிக்கையில் ஏறவே இல்லை.

அதே சீகன்பால்கு தமிழர் தெய்வங்களைப் பற்றி 1713ல் ஒரு பெரிய நூலே எழுதி அனுப்பினார். அதை அச்சிட ஹாலேக்காரர்கள் விரும்பவில்லை. 1867 வரை அது வெளிவரவில்லை. அவர் இங்கே மறுக்கப்பட்டதைவிட அங்கே மறுக்கப்பட்டதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

கடலூரில் ஊழியம் செய்தவர் கிர்னாந்தர் என்கிற சுவீடன்காரர். 1740ல் வந்தார். 1758ல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் தரங்கம்பாடி வழியாகக் கல்கத்தா போய்விட்டார். அங்கே பெரிய கோயில் கட்டினார், கடைசியில் கடன்பட்டு நொடித்துப் போனார். இதில் எனக்கு என்ன பாடம் என்று கேட்காதீர்கள். ஊர்க்காரர் என்பதால் சொன்னேன். பரங்கிப்பேட்டையில் டென்மார்க்கிலிருந்து வந்த ஆனி மேரி பீட்டர்சன் சேவாமந்திர் என்று பெண்களுக்கு ஒரு தேசியப் பள்ளி தொடங்கினார். 1921ல் காந்தி வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். மதமாற்றத்தைப் பற்றிக் காந்திக்கு என்ன அபிப்பிராயம் என்பது எல்லோருக்கும் தெரியும். மிஷனரியாக வந்த பெண்மணி அவரையே கூப்பிட்டுக் கல் நாட்டவைத்தார். கைப்பிரதிக் கட்டோடு பரங்கிப்பேட்டை ஸ்டேஷனைக் கடந்துகொண்டே இருந்த நான் ஒருநாளும் இறங்கி அந்தப் பள்ளியை எட்டிப் பார்க்கவில்லை. வடலூரில் கடை விரித்தும் கொள்வாரில்லை என்று வள்ளலாரே சலித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். ஆனால் 1867ல் அவர் மூட்டிய தருமசாலை அடுப்பு அணையவில்லை, பந்தியும் நிற்கவில்லை. சாப்பிட உட்காருகிறவரிடம் அங்கே யாரும் அட்ரஸ் நீட்டுவதில்லை.

இப்போது ரிட்டையர் ஆகிவிட்டேன். ஆயுத பூஜைப் பொரியைத் தின்கிறேன். கேக்கைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறேன். ஐயாவிடம் தேவாரம் படித்தேன், அவர் இருந்தவரை. அப்பரைப் படித்ததால் கிறிஸ்து எனக்குக் குறைந்துவிடவில்லை. சொல்வதை நிறுத்திவிட்டேனா என்றால், அதுவும் இல்லை. "எல்லா மதமும் ஒன்னுதானே சார், எதுக்கு வம்பு?" என்று பான்பரி மார்க்கெட்டில் காய்கறிப் பையோடு தோளைத் தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. ஒன்று என்றால் அப்பர் எதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ராத்திரியில் திருவதிகைக்கு நடந்தார்? எதற்குக் கல்லோடு கடலுக்குப் போனார்? என் தாத்தா எதற்காக அண்ணன் தம்பி உறவை இழந்தார்? ஒருவருக்குப் பெரிதாகத் தெரிந்ததை இன்னொருவரிடம் சொல்லத்தான் செய்வார். கேட்டவர் வேண்டாம் என்றும் சொல்வார். இரண்டும் இந்த ஊரில் நடந்தபடிதான் இருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாசஞ்சர் வண்டியிலோ பஸ் ஸ்டாண்டிலோ ஒரு பையன் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினால், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாங்கினால் அவன் கண் முன்னால் கிழிக்காதீர்கள். நேரம் இருந்தால் அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவன் ஏதேன் தோட்டத்துக்குக் கிளம்பினால், கையைப் பிடித்து நிறுத்துங்கள். என்னை யாரும் நிறுத்தவில்லை.

மீட்டர்கேஜ் காலத்தில் புதுச்சத்திரத்தில் இறங்கிய அண்ணன் யாராவது இதைப் படித்தால்: அந்தப் பையன் வீட்டுக்குப் போனான் அண்ணே. தூரத்தில் வரும்போதே அப்பா பார்த்துவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டார். விருந்து வைத்தார். வயலில் இருந்து வந்த அண்ணன்காரனுக்குத்தான் கோபம், வாசலிலேயே நின்றுவிட்டான். அப்பா வெளியே வந்து கெஞ்சினார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று வேதத்திலும் எழுதவில்லை.